கோவாக்ஸ் சேவை: எண்ணிக்கையில் தேறியது, தேதியில் தவறியது

மூடப்பட்ட கடைக்கு மதிப்புரை எழுதுவது வீண்வேலை என்று தோன்றலாம். உலக நாடுகளுக்குக் கோவிட் தடுப்பூசியைப் பங்கிட்டு அளிப்பதற்காக 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கோவாக்ஸ், 2023 டிசம்பர் 31 அன்று தன் கதவை அடைத்துவிட்டது. இனி அதில் பெயர் பதியவும் முடியாது, புகார் கொடுக்கவும் முடியாது. ஆனாலும் அடுத்த பெருந்தொற்றின்போது திறக்கப்படும் கடை ஏறத்தாழ இதே வரைபடத்தின் மீதுதான் எழும்பும் என்பதாலும், இந்தச் சேவையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முழுப் பாராட்டாகவோ முழு வசையாகவோ முடிந்துவிடுவதாலும், காசு கொடுத்து எதையும் வாங்குபவர் கேட்கும் சாதாரணக் கேள்விகளை இதனிடமும் கேட்டுப் பார்க்க விரும்பினேன். என்ன தருவதாகச் சொன்னார்கள், என்ன வந்தது, எப்போது வந்தது, எந்த நிலையில் வந்தது, விலை என்ன, குறை சொன்னபோது காதில் வாங்கினார்களா?

கடையை நடத்தியவர்கள் மூவர். ஏழை நாடுகளுக்குக் குழந்தைத் தடுப்பூசிகளை வாங்கித் தருவதில் நீண்ட அனுபவம் உள்ள காவி கூட்டணி, தொற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுகளுக்குப் பணம் போடும் செப்பி கூட்டமைப்பு, உலக சுகாதார நிறுவனம் ஆகியவை அந்த மூன்றும். சரக்கை வாங்கி, விமானத்தில் ஏற்றி, நாடுகளின் வாசலில் இறக்கிவைக்கும் பொறுப்பு பெரும்பாலும் யுனிசெஃபின் தோளில் விழுந்தது. வாடிக்கையாளர்கள் தனிமனிதர்கள் அல்லர், நாடுகள். அவர்களுக்கு இரண்டு கவுண்டர்கள் இருந்தன. ஒன்றில் வசதியுள்ள நாடுகள் முன்பணம் கட்டித் தங்களுக்கான டோஸ்களைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். மற்றொன்றில் வருமானம் குறைந்த 92 நாடுகளுக்கு நன்கொடையாளர்களின் பணத்தில் டோஸ்கள் வாங்கித் தரப்படும். இரண்டு கவுண்டர்களிலும் சேரும் பணத்தை ஒன்றாக்கி, எந்தத் தடுப்பூசி வெற்றி பெறும் என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே பல நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டால், தோல்வியின் அபாயம் எல்லோருக்கும் பரவும், வெற்றியின் பயனும் எல்லோருக்கும் கிடைக்கும் என்பதே அடிப்படை எண்ணம். எண்ணத்தில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை.

வாக்குறுதி தெளிவானது. 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் 200 கோடி டோஸ் தருவதாகச் சொன்னார்கள். பங்கீட்டு விதியும் எளிதாகப் புரியக்கூடியதாக இருந்தது: ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் மக்கள்தொகையின் விகிதப்படி டோஸ்கள் செல்லும், எல்லா நாடுகளும் தங்கள் மக்களில் 20 சதவீதத்தினருக்குப் போதுமான அளவை எட்டும் வரை எவருக்கும் அதற்கு மேல் கிடையாது, அதன் பின்னரே நோயின் தீவிரமும் மருத்துவக் கட்டமைப்பின் பலவீனமும் கணக்கில் எடுக்கப்படும். சுகாதாரப் பணியாளர்களும் முதியோரும் நாள்பட்ட நோயுள்ளோரும் ஏறத்தாழ அந்த 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடுவார்கள் என்ற கணிப்பே அந்த எண்ணுக்குக் காரணம்.

விதியைப் படித்தவுடன் எழும் ஒரு நெருடலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் கவுண்டரில் நின்ற நாடுகள் தங்கள் மக்களில் 10 முதல் 50 சதவீதம் வரைக்கும் கேட்கலாம் என்று இருந்தது. நன்கொடைக் கவுண்டரில் நின்றவர்களுக்கு அப்படிக் கேட்கும் உரிமை இல்லை. மேலும், நோய் கொழுந்துவிட்டு எரியும் நாட்டுக்கும் அப்போதைக்கு அமைதியாக இருக்கும் நாட்டுக்கும் முதற்கட்டத்தில் ஒரே விகிதம் என்பது பார்ப்பதற்குச் சமமாக இருக்கும். ஆனால் தீப்பிடித்த வீட்டுக்கும் தீப்பிடிக்காத வீட்டுக்கும் ஆளுக்கொரு குடம் என்று தண்ணீரைப் பிரிப்பதைப் போன்ற சமத்துவம் அது. இந்த எளிய விதியை வைத்திருக்காவிட்டால் எந்த நாடும் கையெழுத்துப் போட்டிருக்காது என்பதும் உண்மை. நாடுகளை ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்குக் கொடுத்த விலை என்று அதை ஏற்றுக்கொள்கிறேன்.

இந்தச் சேவையைக் கவிழ்த்தது பங்கீட்டு விதியல்ல. பங்கிடுவதற்கு முன் சரக்கு கைக்கு வர வேண்டும் அல்லவா? அங்கேதான் கோவாக்ஸ் பிந்தியது. செல்வந்த நாடுகள் கோவாக்ஸில் ஒரு கையால் கையெழுத்திட்டுவிட்டு மறு கையால் தயாரிப்பாளர்களோடு நேரடி ஒப்பந்தங்கள் போட்டுக்கொண்டன. கனடா தன் மக்கள்தொகைக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு டோஸ்களுக்கு முன்பதிவு செய்தது. தொழிற்சாலை வாசலில் வரிசை என்பது கையில் ரொக்கம் வைத்திருப்பவரின் வரிசைதான். கோவாக்ஸின் கையில் அந்த நேரத்தில் ரொக்கத்தைவிட வாக்குறுதிகளே அதிகம் இருந்தன. வாக்குறுதியைக் காட்டி எந்தத் தயாரிப்பாளரிடமும் முதல் இடத்தைப் பிடிக்க முடியாது. இது ஏற்கெனவே பார்த்த காட்சிதான். 2009இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோதும் பணக்கார நாடுகள் தடுப்பூசியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள, உலக சுகாதார நிறுவனம் நன்கொடையாகப் பெற்று 77 நாடுகளுக்கு 7 கோடியே 80 லட்சம் டோஸ்களை அனுப்பியது. அவற்றில் பெரும்பகுதி போய்ச் சேர்வதற்குள் நோயே தணிந்துவிட்டிருந்தது. பதினோர் ஆண்டுகள் கழித்துப் புதிய கடை திறந்தவர்கள் அந்த அனுபவத்தை அறியாதவர்கள் அல்லர். அறிந்தும், ரொக்கம் இல்லாமல் வேறு வழியின்றித் திறந்தார்கள்.

நேரந்தவறாமையைப் பார்ப்போம். பிரிட்டனில் முதல் ஊசி போடப்பட்டது 2020 டிசம்பர் 8 அன்று. 2021 சனவரி 18 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் ஓர் ஒப்பீட்டைச் சொன்னார்: வருமானம் மிகுந்த 49 நாடுகளிலாவது 3 கோடியே 90 லட்சத்துக்கு மேற்பட்ட டோஸ்கள் போடப்பட்டுவிட்டன, மிகக் குறைந்த வருமானமுள்ள நாடு ஒன்றில் 25 டோஸ்கள் போடப்பட்டுள்ளன. இருபத்தைந்து லட்சமோ இருபத்தைந்தாயிரமோ இல்லை, வெறும் இருபத்தைந்து. கோவாக்ஸின் முதல் சரக்கு, புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரித்த 6 லட்சம் ஆஸ்ட்ராசெனகா டோஸ்கள், கானாவின் அக்ரா விமான நிலையத்தில் இறங்கியது 2021 பிப்ரவரி 24 அன்று. கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் மார்ச் 1 அன்று ஊசி போடத் தொடங்கினார்கள். பிரிட்டனின் முதல் ஊசிக்கும் அக்ராவில் விமானம் தரையிறங்கியதற்கும் இடையே 78 நாள்கள். முந்தைய பெருந்தொற்றுகளோடு ஒப்பிட்டால் இது வியக்கத்தக்க வேகம் என்பதை மனம் திறந்து சொல்ல வேண்டும். அந்த வேகம் நீடித்திருந்தால் இந்த மதிப்புரையின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

நீடிக்கவில்லை. கோவாக்ஸ் தன் முதல் அரையாண்டுச் சரக்குக்கு ஒரே தொழிற்சாலையைப் பெரிதும் நம்பியிருந்தது. 2021 மார்ச்சிலும் ஏப்ரலிலும் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தபோது, சீரம் நிறுவனத்தின் உற்பத்தி உள்நாட்டுத் தேவைக்குத் திருப்பிவிடப்பட்டு ஏற்றுமதி நின்றுபோனது. தன் மருத்துவமனைகளின் வாசலில் மக்கள் மூச்சுக்குத் திணறும்போது எந்த அரசும் தடுப்பூசியை வெளியே அனுப்பாது. அந்த முடிவைக் குறைகூற நான் வரவில்லை. எந்த அரசும் அப்படித்தான் செய்யும் என்பது முன்பே தெரிந்திருந்தும் ஒரே கிணற்றை நம்பி ஊருக்கே குழாய் போட்டது ஏன் என்பதுதான் வாடிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்வி. மே மாதத்தின் நடுவில் யுனிசெஃபே கணக்கை வெளியிட்டது: அந்த நேரத்தில் 17 கோடி டோஸ்களாவது சென்றிருக்க வேண்டும், சென்றிருந்ததோ ஆறரைக் கோடி. சீரத்திலிருந்து கோவாக்ஸுக்குச் சரக்கு மீண்டும் கிளம்பியது நவம்பர் மாதக் கடைசியில்.

இடைப்பட்ட அந்த ஏழெட்டு மாதங்களில்தான் டெல்டா வகை உலகைச் சுற்றியது. முதல் ஊசி போட்டுக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் பல நாடுகளில் காத்துக்கொண்டே இருந்தார்கள்; அதே நேரத்தில் செல்வந்த நாடுகள் தங்கள் மக்களுக்கு மூன்றாவது ஊசி போடுவதைப் பற்றி ஆலோசித்தன. ஆகஸ்ட் 4 அன்று டெட்ரோஸ், செப்டம்பர் இறுதி வரையிலாவது பூஸ்டர்களை நிறுத்திவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கேட்டவர்கள் சிலரே. செப்டம்பரில் கோவாக்ஸ் தன் ஆண்டுக் கணிப்பை 142 கோடியாகக் குறைத்துக்கொண்டது, அதையும் எட்டவில்லை. நூறு கோடியாவது டோஸ் 2022 சனவரி 15 அன்று ருவாண்டாவுக்குச் சென்ற விமானத்தில் இருந்தது. வாக்களித்ததில் பாதி, அதுவும் தவணை கடந்து என்று இதைப் பதிவுசெய்கிறேன்.

இதற்கிடையே சட்டப்படி சரியாக இருந்தும் பார்ப்பவர் முகத்தைச் சுளிக்க வைத்த ஒன்றும் நடந்தது. பணம் கட்டும் கவுண்டரில் முன்பணம் செலுத்தியிருந்த கனடாவும் பிரிட்டனும் தங்கள் பங்கைக் கோவாக்ஸிலிருந்து பெற்றுக்கொண்டன. 2021 ஜூனில் பிரிட்டனுக்கு மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட டோஸ்கள் சென்றன. விற்றவர் ஒப்பந்தத்தைக் காப்பாற்றினார், வாங்கியவர் உரிமையைப் பயன்படுத்தினார், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் அரிசி மூட்டை அடுக்கி வைத்திருப்பவரும் கூப்பன் வரிசையில் நின்று தன் படியை அளந்து வாங்கிச் செல்வதைத் தடுக்க வழியில்லாத விதி, விதியின் குறைபாடுதான்.

சரக்கு வற்றியபோது அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவை நன்கொடைகள். 2021 ஜூனில் கார்பிஸ் பேயில் கூடிய ஜி7 நாடுகள் 87 கோடி டோஸ்களைப் பகிர்ந்துகொள்வதாக அறிவித்தன. அறிவிப்பு இனிமையாக இருந்தது. வந்த சரக்கைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இந்தச் சேவையின் தரத்தைப் பற்றி எனக்கு உள்ள குறைகளில் பாதி இந்த ஓரிடத்தில் குவிந்திருக்கிறது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தடுப்பூசிக்குப் பல் என்பது காலாவதித் தேதி. அதைப் பார்க்காமல் வாங்கினால் வாங்கியவர் கையில் மிஞ்சுவது எரிக்க வேண்டிய குப்பை. ஒரு டோஸ் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது அதற்குச் சில மாத ஆயுள் இருக்கிறது. அது முதலில் ஒரு செல்வந்த நாட்டின் கிடங்குக்குச் செல்கிறது. அங்கே தேவைப்படுமோ படாதோ என்று வைத்திருக்கிறார்கள். தேவைப்படாது என்று உறுதியானதும் நன்கொடையாக எழுதிக்கொடுக்கிறார்கள். பிறகு சட்டப் பொறுப்புக் கடிதங்கள், பெறும் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு ஒப்புதல், இறக்குமதி அனுமதி, விமானம். இத்தனையும் முடிந்து தலைநகரின் குளிர்கிடங்கில் பெட்டி இறங்கும்போது அந்த டோஸின் ஆயுளில் பெரும்பகுதி வேறொருவர் வீட்டில் தூங்கியே கழிந்திருக்கிறது. அங்கிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கும் செல்ல இன்னும் வாரங்கள் ஆகும். தலைநகரில் இறங்கும்போது நான்கு வாரமே மிச்சமிருக்கும் டோஸை ஒரு டோஸ் என்று எண்ணுவது கணக்குப் புத்தகத்துக்கு வேண்டுமானால் சரி.

நைஜீரியாவுக்கு நன்கொடையாக வந்தவற்றில் பல நான்கு முதல் ஆறு வார ஆயுளோடுதான் வந்தன. காலாவதியான 10,66,214 ஆஸ்ட்ராசெனகா டோஸ்களை 2021 டிசம்பர் 22 அன்று அபுஜாவில் குப்பைக்கிடங்கில் அழித்தார்கள். அதற்கு முன்பே மலாவியில் மே 19 அன்று 19,610 டோஸ்களை எரியூட்டினார்கள்; அவை ஏப்ரல் 13 அன்று காலாவதியாகும் நிலையில் மார்ச் 26 அன்றுதான் வந்து இறங்கியிருந்தன. மலாவியில் எரித்தவை கோவாக்ஸ் சரக்கல்ல, ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வழியாக வந்தவை என்பதை நேர்மைக்காகக் குறிப்பிடுகிறேன். நோய் ஒன்றே, வழி வேறு. எல்லோர் கண்ணெதிரிலும் அழித்ததற்குக் காரணம், காலாவதியான மருந்து எவர் உடலிலும் ஏறாது என்று மக்களை நம்பவைக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் படங்களை வெளியிலிருந்து பார்த்தவர்கள் சொன்னது வேறு: கொடுத்ததையும் வீணாக்குகிறார்கள் என்றார்கள். பழி கடைசியில் பெட்டியைத் திறந்தவர் மீதே விழுந்தது.

நாடுகள் மெல்ல மெல்ல வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டன. 2021 டிசம்பர் ஒரு மாதத்தில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்ட கோவாக்ஸ் டோஸ்கள் பெறும் நாடுகளால் மறுக்கப்பட்டதாகவும், அதற்கு முதன்மைக் காரணம் குறுகிய ஆயுளே என்றும் யுனிசெஃப் அதிகாரிகள் பின்னர் தெரிவித்தார்கள். அதற்குச் சற்று முன், நவம்பர் 29 அன்று, கோவாக்ஸும் ஆப்பிரிக்கத் தடுப்பூசிக் கொள்முதல் அமைப்பும் ஆப்பிரிக்க நோய்த்தடுப்பு மையமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. வந்து இறங்கும்போது குறைந்தது பத்து வார ஆயுள் இருக்க வேண்டும். வருவதற்கு நான்கு வாரம் முன்பாவது தகவல் சொல்ல வேண்டும். இன்ன நாட்டுக்குத்தான் என்று கொடுப்பவர் குறிவைக்கக் கூடாது. சிரிஞ்சும், கலப்பதற்கான உப்புநீரும் கூடவே வர வேண்டும். படிக்கும்போது இவையெல்லாம் இவ்வளவு தாமதமாகச் சொல்ல வேண்டிய செய்திகளா என்று வியப்பு ஏற்படுகிறது. எந்தக் கூரியர் நிறுவனமும் முதல் நாளே எழுதிவைக்கும் நிபந்தனைகள் இவை. கொடுப்பவரிடம் நிபந்தனை விதிப்பது நாகரிகமில்லை என்ற தயக்கத்தில் ஓராண்டு ஓடிவிட்டது.

சிரிஞ்சைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது சின்ன விஷயமாகத் தோன்றும். குழந்தைத் தடுப்பூசிகளுக்கு ஏழை நாடுகளில் வழக்கமாகப் பயன்படுவது, ஒருமுறை அழுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் அரை மில்லி லிட்டர் சிரிஞ்சு. ஃபைசர் தடுப்பூசியின் அளவு 0.3 மில்லி லிட்டர். அதற்கென்று வேறு சிரிஞ்சு வேண்டும். அது உலகச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. தடுப்பூசி மட்டும் வந்து சிரிஞ்சு வராத நாட்டில் பெட்டிக்குள் தேதி ஓடிக்கொண்டே இருக்கும்.

குளிர்ச் சங்கிலியில் கோவாக்ஸுக்கு நல்ல மதிப்பெண்ணே கொடுப்பேன். ஆஸ்ட்ராசெனகா வழக்கமான 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் ஆறு மாதம் தாங்கும். எல்லா நாட்டிலும் குழந்தைத் தடுப்பூசிக்கு இருக்கும் குளிர்பெட்டிகளே அதற்குப் போதும். ஃபைசருக்கோ உறைநிலைக்குக் கீழே 60 முதல் 90 டிகிரி வேண்டும். உலர்பனி நிரப்பிய பெட்டியில் வரும் அதை, குறிப்பிட்ட இடைவெளியில் உலர்பனியை நிரப்பிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் திறக்கக் கூடாது. சாதாரணக் குளிர்பெட்டிக்கு மாற்றினால் தொடக்கத்தில் ஐந்து நாள்தான் ஆயுள். 2021 மே மாதத்தில்தான் அது 31 நாளாக நீட்டப்பட்டது. அந்த ஒற்றை மாற்றம், எந்தப் புதிய இயந்திரமும் வாங்காமலே, ஃபைசரைத் தலைநகரத்துக்கு வெளியே கொண்டுசெல்லும் வழியைத் திறந்தது. அதோடு யுனிசெஃப் ஏறத்தாழ 70 நாடுகளுக்கு ஏறத்தாழ 800 கடுங்குளிர் உறைபெட்டிகளை அனுப்பி நிறுவியது. மின்சாரம் சீராக இல்லாத இடங்களில், இந்த அளவு உறைபெட்டிகளைச் சில மாதங்களில் இயங்கவைப்பது தலைப்புச் செய்தியாகாத பெரிய வேலை.

குறைகளும் இருந்தன; அவற்றில் சில கோவாக்ஸின் கைக்கு எட்டாதவை. குழந்தைத் தடுப்பூசிக் குப்பிகளில் ஒரு சிறு சதுரம் இருக்கும். குப்பி அதிக வெப்பத்தில் கிடந்தால் அது நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்த மாத்திரத்தில் இது கெட்டது, இது நல்லது என்று சொல்லிவிடலாம். கோவிட் தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றில் அந்தச் சதுரம் இல்லை. ஜான்சன் தடுப்பூசியின் ஆயுள், ஆய்வுகள் முடிய முடிய நீட்டிக்கப்பட்டதால், தொகுதி எண்ணைக் கொண்டு இணையத்தில் தேதியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இணையம் எட்டாத சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியரை நினைத்துப் பாருங்கள். அவர் முன் இன்னொரு சிக்கலும் உண்டு. பத்து டோஸ் உள்ள ஆஸ்ட்ராசெனகா குப்பியைத் திறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஏழு பேர்தான் வந்திருக்கிறார்கள்; எட்டாவது ஆள் வருவாரா என்று தெரியாது. திறந்தால் மூன்று டோஸ் வீண். திறக்காவிட்டால் பல கிலோமீட்டர் நடந்து வந்த ஏழு பேர் வெறுங்கையோடு திரும்பிப்போக வேண்டும், அவர்களில் எத்தனை பேர் மீண்டும் வருவார்களோ. பங்கீட்டின் நியாயம் ஜெனீவாவில் தீர்மானிக்கப்படுவதைவிட அதிகமாக இந்த மேசையில் தீர்மானிக்கப்படுகிறது என்பது என் எண்ணம். திறந்துவிடுங்கள் என்று சொல்லும் அளவுக்கு மேலிருந்து சரக்கு உறுதியாக வந்துகொண்டிருந்தால் அந்தச் செவிலியர் அப்படித் தயங்க வேண்டியதில்லை.

சரக்கைத் திரும்பப் பெற்று மாற்றியனுப்பும் வசதி இருந்தது. அது நன்றாகவும் வேலை செய்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு 2021 மார்ச் தொடக்கத்தில் 17 லட்சம் ஆஸ்ட்ராசெனகா டோஸ்கள் வந்தன. அந்த ஊசியால் இரத்தம் உறையலாம் என்ற அச்சம் ஐரோப்பாவில் கிளம்பியதால் அந்நாடு ஏப்ரல் 19 வரை ஊசி போடத் தொடங்கவில்லை. எஞ்சிய காலத்துக்குள் போட்டுத் தீர்க்க முடியாது என்று தெரிந்ததும் 13 லட்சத்தைக் கானா, மடகாஸ்கர் போன்ற நாடுகளுக்குத் திருப்பிவிட்டார்கள். தோல்வியை நேரத்தோடு ஒப்புக்கொண்டு டோஸைக் காப்பாற்றிய செயல் இது.

விலையில் கோவாக்ஸ் மீது குறை சொல்ல முடியாது. ஆஸ்ட்ராசெனகா ஒரு டோஸ் ஏறத்தாழ 3 டாலருக்குக் கிடைத்தது. தனியாகச் சந்தைக்குப் போன தென்னாப்பிரிக்கா, சீரம் தயாரித்த அதே ஊசிக்கு 5.25 டாலர் கொடுத்தது. உறுப்பு நாடுகளுக்கெல்லாம் சேர்த்து வாங்கிய ஐரோப்பிய ஒன்றியத்துக்கோ அது 1.78 யூரோவுக்குக் கிடைத்தது. சேர்ந்து வாங்கினால் விலை குறையும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இழப்பீட்டு ஏற்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. தடுப்பூசியால் கடும் பாதிப்பு ஏற்பட்டால் நீதிமன்றம் ஏறாமலே இழப்பீடு பெறும் திட்டத்தை அந்த 92 நாடுகளுக்காகக் கோவாக்ஸ் ஏற்படுத்தியது, முன்னோடியான செயல். ஆனால் அரசே இல்லாத இடங்களில், போர் முனைகளில், அகதி முகாம்களில் இருப்பவர்களுக்காக 5 சதவீத டோஸ்களை ஒதுக்கிவைத்த மனிதநேய இருப்பு, பாதிப்பு வந்தால் பொறுப்பேற்பது யார் என்ற கேள்வியிலேயே மாட்டிக்கொண்டது. பல தயாரிப்பாளர்கள் ஊசி போடும் தொண்டு நிறுவனங்களே பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். எந்தத் தொண்டு நிறுவனத்தால் அது முடியும்? அந்த இருப்பிலிருந்து முதல் சரக்கு, ஈரானிலுள்ள ஆப்கானிய அகதிகளுக்காக, 2021 நவம்பரில்தான் புறப்பட்டது. எவருக்கு வேறு கதியே இல்லையோ அவர்களுக்கு இந்தச் சேவை எல்லோரையும்விடத் தாமதமாக வந்தது.

பெறும் நாட்டின் ஆயத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பூடானைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள், மலைகள், நடந்தே போக வேண்டிய ஊர்கள். இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய டோஸ்களை வைத்து 2021 மார்ச் 27 அன்று தொடங்கி, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வயதுவந்தோரில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் ஊசி போட்டு முடித்தார்கள். இரண்டாவது ஊசிக்கு எதிர்பார்த்த சரக்கு வரவில்லை. ஜூலையில் கோவாக்ஸ் வழியாக அமெரிக்காவின் 5 லட்சம் மாடர்னா டோஸ்களும், பிற நாடுகளின் நன்கொடைகளும் வந்ததும், ஒரே வாரத்தில் அதையும் முடித்துவிட்டார்கள். ஆள்களின் பட்டியலும், போக்குவரத்தும், ஊசி போடுபவர்களும் ஏற்கெனவே தயாராக நின்றிருந்ததே காரணம். ஆனால் ஆள்களுக்குச் சம்பளமும், வண்டிக்கு எரிபொருளும் இல்லாத நாடுகளுக்கு அந்தப் பணத்தைத் தருவதில் கோவாக்ஸ் மிகவும் பின்தங்கியே இருந்தது. மக்களில் பத்து சதவீதத்துக்கு மேல் ஊசி போட்டிராத 34 நாடுகளைத் தேடிப் பிடித்து உதவும் தனிக் கூட்டு முயற்சி தொடங்கியது 2022 சனவரியில். அதற்குள் சரக்கு குவியத் தொடங்கி, ஆர்வம் வடியத் தொடங்கியிருந்தது.

புகார்களைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள், மெதுவாக. 2021 அக்டோபருக்கான பங்கீட்டில் மக்கள்தொகை விகிதத்தை விட்டுவிட்டு, மிகக் குறைவாக ஊசி போடப்பட்ட நாடுகளுக்கு மட்டும் டோஸ் ஒதுக்க முடிவுசெய்தார்கள். மேலே தண்ணீர்க் குடத்தைப் பற்றிச் சொன்ன என் குறைக்கு அது பதில். ஓராண்டு முன்பே கிடைத்திருக்க வேண்டிய பதில்.

கடை மூடப்பட்டபோது கணக்கு இப்படி இருந்தது: 146 நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் ஏறத்தாழ 200 கோடி டோஸ்கள், மிகக் குறைந்த வருமானமுள்ள நாடுகள் பெற்றவற்றில் 74 சதவீதம் கோவாக்ஸ் வழியே வந்தவை, அந்த 92 நாடுகளில் இரண்டு ஊசி பெற்றோர் 57 சதவீதம், உலகச் சராசரி 67. குறைந்தது 27 லட்சம் உயிர்கள் காக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். 2021 முடிவுக்குள் தருவதாகச் சொன்ன அதே 200 கோடி, 2023 முடிவில். இந்தச் சேவை இல்லாதிருந்தால் மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது அந்த எஞ்சிய 26 சதவீதம்தான் என்று எண்ணிப் பார்த்தால், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்க என் கை தயங்கவில்லை. நான்காவது நட்சத்திரம் அந்த இரண்டு ஆண்டுகளில் போய்விட்டது. ஐந்தாவதைச் செல்வந்த நாடுகளின் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்த கடைக்கான அடித்தளமும் ஓரளவு போடப்பட்டிருக்கிறது. தொற்று தொடங்கிய உடனே செலவிட வேண்டிய ரொக்கத்துக்காகக் காவி ஒரு நிதியை ஏற்படுத்தி, 2024இல் குரங்கம்மைத் தடுப்பூசி 5 லட்சம் டோஸ்களை அதைக் கொண்டு வாங்கியது. 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவையில் நிறைவேறிய பெருந்தொற்று ஒப்பந்தம், உற்பத்தியாகும் தடுப்பூசியில் 20 சதவீதத்தை உற்பத்தியாகும்போதே உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்கித் தருவதை இலக்காக வைக்கிறது. அதில் பாதியாவது நன்கொடையாக இருக்க வேண்டும். “உற்பத்தியாகும்போதே” என்ற அந்தச் சொல்லைப் படித்தபோது, 2021இல் கிடங்குகளில் தூங்கிய டோஸ்களை யாரோ ஒருவர் நினைவில் வைத்திருந்து அதை எழுதியிருக்கிறார் என்று மகிழ்ந்தேன். ஆனால் பங்கு எப்படிப் பிரிக்கப்படும் என்ற விவரங்களைத் தனி இணைப்பில் பின்னர் வகுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். அந்த இணைப்பில் கையெழுத்திடப் போகும் ஒரு சிறிய நாட்டின் சுகாதார அதிகாரி என்னிடம் யோசனை கேட்டால், கட்டாயம் சேருங்கள் என்றே சொல்வேன். சேரும் முன், சதவீதங்கள் எழுதிய பக்கத்தை அப்புறம் படித்துக்கொண்டு, விமானம் தரையிறங்கும் நாளில் குப்பியில் எத்தனை வாரம் மிச்சமிருக்க வேண்டும் என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதை முதலில் தேடச் சொல்வேன்.